என் பிள்ளை எப்போது குதிக்கும்?

சேர்த்துவிட்ட இரண்டாவது வாரமே பெற்றோர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங் என்றதும் டிவியில் பார்த்த குதிப்பும் சுழற்சியும்தானே நினைவுக்கு வரும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் பதில்தான் அவர்களுக்குப் பிடிப்பதில்லை: "முதலில் ஒழுங்காக விழட்டும்."

விழுவதை முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறேன், அதுவும் பனிக்கு வெளியே, பாயின் மேல். தடுமாறியதும் முழங்காலை மடக்கித் தாழ வேண்டும். பக்கவாட்டில், இடுப்பின் சதைப்பகுதியில் சாய வேண்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். தாடையை மார்போடு சேர்த்துக்கொண்டால் பின்மண்டை தப்பும். விழுந்தவுடன் விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் வருபவரின் பிளேடு பார்த்து வராது. ஹெல்மெட் என்றால் பெரியவர்கள்தான் முகம் சுளிக்கிறார்கள், பிள்ளைகள் பேசாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது பூட். "வளர்ற பிள்ளை, அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடுவார்கள். உள்ளே குதிகால் தூக்கிக்கொண்டே இருந்தால் பிளேடு காலின் பேச்சைக் கேட்காது. இன்னொரு தவறு, பெரிய வீரர்கள் அணியும் கெட்டியான பூட்டை ஆரம்பத்திலேயே வாங்கித் தருவது. கணுக்கால் மடங்காவிட்டால் முழங்காலும் மடங்காது; முழங்கால் மடங்காத பிள்ளை பனியில் மரக்கட்டைபோல நிற்கும். லேஸை விரல் பக்கம் தளர்வாகவும், மேற்பாதத்திலும் கணுக்காலிலும் இறுக்கமாகவும், உச்சியில் மறுபடி சற்றுத் தளர்வாகவும் கட்ட வேண்டும். இதைப் பிள்ளை தானே கட்டப் பழகும்வரை யாராவது பக்கத்தில் உட்காருங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடு கத்திபோல ஒரே கூர் கொண்டதல்ல. சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன். அடிப்பக்கம் நெடுக ஒரு பள்ளம். அதன் இருபுறமும் இரண்டு விளிம்புகள், உள் எட்ஜ், வெளி எட்ஜ். முனையில் இருக்கும் பற்கள் டோ பிக். புதிதாக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தப் பற்களால்தான் பனியைப் பின்னால் உதைத்து ஓடப் பார்க்கிறார்கள். வேகம் வருவதுபோல் இருக்கும், ஆனால் அது நடைதான், சறுக்கல் இல்லை. பிளேடின் பக்கவாட்டால், உள் எட்ஜால், தள்ள வேண்டும். தவறைக் கண்டுபிடிக்க நான் காலைப் பார்ப்பதுகூட இல்லை, காதே போதும். 'கர்க் கர்க்' என்றால் டோ பிக். மெல்லிய சீரான ஓசை என்றால் எட்ஜ்.

உள் எட்ஜ் சீக்கிரம் வந்துவிடும். வெளி எட்ஜில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒற்றைக் காலில் நின்றபடி அதே காலின் வெளிப்பக்கம் சாய வேண்டும். விழுந்தால் தாங்க அந்தப் பக்கம் இன்னொரு கால் இல்லை. பயந்த பிள்ளை இடுப்பை மட்டும் வளைத்து, சாய்ந்துவிட்டதாகக் காட்டும். திருப்பத்தில் சைக்கிள் சாய்வதுபோலக் கணுக்கால் முதல் தோள் வரை ஒரே கோடாகச் சாய்ந்தால்தான் பிளேடு தானாக வளைவில் போகும்.

இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி பழையது: ஒரு நேர்க்கோட்டை ஒட்டி, கால் மாற்றி மாற்றி அரைவட்டங்கள் போடுவது. அலுப்புத் தட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஒருகாலத்தில் பனியில் இப்படி உருவங்கள் வரைவதே போட்டியின் பெரும்பகுதி. மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கும் மேல் அதற்கே போனது. ஃபிகர் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1990-க்குப் பிறகு சர்வதேசப் போட்டிகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பார்வையாளருக்கு நல்லதாகிப் போனது. பயிற்சியாளர்களாகிய நமக்குத்தான், எட்ஜை நிதானமாகச் சொல்லிக்கொடுக்க இருந்த கட்டாயம் போய்விட்டது.

அதன் விளைவு பல வருடம் கழித்து லுட்ஸில் தெரியும். லுட்ஸ், ஃபிளிப் இரண்டும் டோ பிக்கைக் குத்தி எழும்பும் குதிப்புகள். லுட்ஸுக்குப் பின்நோக்கிய வெளி எட்ஜ், ஃபிளிப்புக்கு உள் எட்ஜ். வெளி எட்ஜில் நிற்கப் பழகாத கால், எழும்பும் கணத்தில் உள்ளே புரண்டுவிடும். நடுவர்கள் அதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். அப்படி ஒரு மாணவி என்னிடம் வந்தாள். குதிப்பை நிறுத்தி அரைவட்டத்துக்கு அனுப்பினேன். சின்னப் பிள்ளைகளோடு நிற்க வைத்துவிட்டேன் என்று அவள் அப்பா என்னோடு சில வாரம் பேசவில்லை. மூளையில் பதிந்த தவறை அழிப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம் என்பதை அவளிடம்தான் நானும் கற்றேன்.

வளர்ச்சிப் பருவத்தில் கூடுதல் கவனம் தேவை. திடீரென்று உயரம் கூடும்போது கை கால்களின் நீளம் மாறி, நேற்று வந்த சுழற்சி இன்று வராது. சோம்பல் என்று திட்டாதீர்கள். முழங்காலுக்குக் கீழே, குதிகாலில், இடுப்பில் வலி என்றால் குதிப்புகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனமே 2022-இல், சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதைப் படிப்படியாக 15-லிருந்து 17-க்கு உயர்த்த முடிவெடுத்தது. அவசரப்பட ஒன்றுமில்லை.

சரி, எப்போது குதிக்கலாம்? என் கணக்கு இது. எந்தக் குதிப்பாக இருந்தாலும் வழக்கமாக இறங்குவது ஒற்றைக் காலில், பின்நோக்கி, வெளி எட்ஜில். அதனால் இறங்குவதை முதலில் கேட்பேன். பின்னால் சறுக்கிக்கொண்டு, முழங்கால் மடக்கி, மற்றக் காலைப் பின்னால் நீட்டி, நான் ஐந்து எண்ணும்வரை ஓசை மாறாமல் ஒரே வளைவில் போக வேண்டும். மூன்றில் தடுமாறினால் நாளைக்குப் பார்க்கலாம். ஐந்தும் நின்றுவிட்டால் அன்றைக்கே வால்ட்ஸ் ஜம்ப், அரைச் சுற்று மட்டும்.