கண்ணீர் தெரியும், சுடாது

வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் இருக்கும் அன்ரி ஒருவர், சீட்டுப் பிடித்தவனை நம்பி ஆறு லட்சம் ரூபாயை இழந்தார். பணத்தைவிட அவரை அரிப்பது வேறு. "என்ர மனுசன்ர செத்தவீட்டில கையைப் பிடிச்சு அழுதவன் தம்பி. அது நடிப்பெண்டு எனக்கேன் விளங்கேல்ல?" என்று இன்றும் கேட்பார். பிளேன்டீ ஆறிப்போகும், கோப்பையைத் தொடமாட்டார்.

அவன் எந்த வகை ஆள் என்று நான் சொல்ல முடியாது. மனநல மருத்துவர் நேரில் பேசி, பழைய வாழ்க்கையையும் துருவிப் பார்த்துத்தான் சொல்லலாம். ஆனால் அன்ரியின் கேள்விக்கு மூளை அறிவியலில் பதில் உண்டு.

அடுத்தவர் துயரை உணர்வது என்று நாம் சொல்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எதிரில் இருப்பவர் எதை நினைத்து ஏங்குகிறார் என்று கணிப்பது ஒன்று. அந்த வலி நம்மையும் சுடுவது மற்றது. சைக்கோபதி என்பது இரக்கமும் குற்றவுணர்வும் மிகக் குறைந்த ஓர் ஆளுமைக் கோளாறு. அது உள்ளவர்களுக்குக் கணிப்பு பெரும்பாலும் நன்றாகவே வரும். சுடுவதில்தான் குறை. பயந்த முகத்தைக் கண்டால் நம் மூளையில் பாதாம்பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா சட்டென்று விழிக்கும். அவர்களிடம் அது மந்தம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. தன் வலிகூட அவர்களை முன்கூட்டி மிரட்டுவதில்லை. எண்கள் வரிசையாக வர, குறித்த ஓர் எண்ணில் மின்னதிர்ச்சி வரும் என்றால் மற்றவர்களுக்கு அந்த எண் நெருங்கும்போதே கை வியர்க்கும். 1960களில் கனடாவில் உளவியலாளர் ரொபர்ட் ஹெயர் சோதித்தபோது இவர்களுக்கு அந்த வியர்வை மிகக் குறைவு.

2013இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வுதான் என்னை உலுக்கியது. சைக்கோபதி உள்ள குற்றவாளிகள் 18 பேரை மூளை ஸ்கேனரில் படுக்கவைத்து, ஒரு கை இன்னொரு கையை நோகச் செய்யும் காணொளியைக் காட்டினார்கள். வெறுமனே பார்த்தபோது, வலியை உணரும் பகுதிகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இயங்கின. சரி, அந்த வலியை நீங்களும் உணர்ந்து பாருங்கள் என்றதும் வித்தியாசம் பெருமளவு குறைந்துவிட்டது. அப்படியென்றால் விளக்கு முழுக்கப் பழுதில்லை. நமக்குத் தானாக எரிவது, அவர்களுக்குப் போட்டால்தான் எரிகிறது.

ஏமாந்தவர்கள் தங்களையே முட்டாள் என்று திட்டிக்கொள்வது இதனால்தான் அநியாயம். கண்ணீருக்கு இரங்குவது நம் மூளையின் இயல்பு, புத்திக்குறைவு அல்ல.

அன்ரியிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "அப்ப நான் அழேக்க, அவன் என்னை வடிவாப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான், என்ன?"