மாரல் இன்ஜுரி: மனச்சாட்சிக் காயம்

போரில் தான் செய்தது, தடுக்காமல் விட்டது, கண்ணெதிரே பார்த்தது என ஏதோ ஒன்று, தான் சரி என்று நம்பி வளர்ந்ததற்கு நேர் எதிராகப் போய்விடும்போது படைவீரனுக்குள் ஆறாமல் தங்கிவிடும் வேதனைதான் மாரல் இன்ஜுரி.

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு பாஸ்டனில் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே, 1990களில் இச்சொல்லைப் பரவலாக்கினார். அவர் முக்கியமாகச் சொன்னது மேலிருப்பவர்கள் செய்த துரோகத்தை. 2009இல் உளவியலாளர் பிரெட் லிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் வீரன் தன் கையால் செய்ததையும் இதற்குள் கொண்டுவந்தார்கள்.

இதைப் பி.டி.எஸ்.டி.யோடு, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறோடு, குழப்பிக்கொள்ளக் கூடாது. 1980இல் அமெரிக்க மனநல நோய்ப் பட்டியலில் இடம்பெற்ற அதில் அச்சமே பெரிதாகப் பேசப்பட்டது. இங்கே குற்றவுணர்வும் வெட்கமும். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். ஆனால் 'இனி ஆபத்தில்லை' என்ற ஆறுதல், தான் சுட்டவனின் முகத்தை மறக்க முடியாதவருக்கு எப்படி உதவும்? காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்தவரிடம், "ஐயா, எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று பிள்ளைகள் ஆசையாகக் கேட்பதுண்டு. கேட்கக் கூடாத கேள்வி அது. பெரியவர்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

இன்ஜுரியின் லத்தீன் மூலம் 'இன்யூரியா'. 'யூஸ்' என்றால் நியாயம், சட்டம். 'இன்' அதை மறுக்கும் முன்னொட்டு. ஆக, அநியாயம் என்பதே அதன் பழைய பொருள். மாரல், வழக்கம் எனப் பொருள்படும் 'மோஸ்' வழி வந்தது.

தமிழில்? 'தார்மீகக் காயம்' சரிப்படாது. 'தார்மீக ஆதரவு', 'தார்மீகக் கோபம்' என்று புழங்கிப் புழங்கி, அந்தக் காயமே நியாயமானது என்பதுபோல் ஒலிக்கிறது. 'ஒழுக்கக் காயம்' என்றால் நடத்தை கெட்டவர் என்ற நினைப்பு வந்துவிடும். சங்க இலக்கியத்தில் புறப்புண், அதாவது முதுகில் படும் காயம், உண்டு. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் பட்ட புறப்புண்ணுக்கு நாணிச் சேர மன்னன் வடக்கிருந்தான், அதாவது உண்ணாமல் இருந்து உயிர்விடத் துணிந்தான் என்கிறது புறநானூறு. ஆனால் அது வீரம் குறைந்ததற்கான நாணம். கொன்றதற்கான வருத்தம் அல்ல.

செட்டிநாட்டு மகிபாலன்பட்டியே கணியனின் பூங்குன்றம் என்பார்கள். 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்ற அவர் வரியை ஒரு வீரர் தனக்கு எதிராகவே திருப்பிக்கொள்ள முடியும். ஆணையிட்டது வேறொருவர், சுட்டது இவர். பழி முழுவதையும் இவரே சுமப்பார். ஷே சொன்ன துரோகம், லிட்ஸ் சொன்ன சொந்தச் செயல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிற சொல்தான் வேண்டும். 'மனச்சாட்சி உறுத்துது' என்று எல்லோரும் சொல்வதால், 'மனச்சாட்சிக் காயம்' என்பதையே நான் பரிந்துரைப்பேன். 'அறக்காயம்' சுருக்கமானது, கட்டுரைக்கு ஆகும். வீட்டில் பேச ஆகாது.

கொரோனா காலத்துக்கு அப்புறம் மருத்துவர், செவிலியர் பற்றிய ஆய்வுகளிலும் இச்சொல் நிறைய வருகிறது. அங்கேயும் மனச்சாட்சிக் காயம் என்றே எழுதலாம்.