சிகாரின் தொப்பியைச் சரியாக வெட்டினால் வாய்க்கு ஆபத்தில்லையா?

"டாக்டர், நான் புகையை உள்ளே இழுப்பதே இல்லை. முனையையும் கட்டர் வைத்துச் சுத்தமாக வெட்டித்தான் பிடிக்கிறேன். அப்புறம் என்ன?" சிகார் பிடிப்பவர்களிடம் பழக்கத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் வருகிற பதில் பெரும்பாலும் இதுதான். பல் மருத்துவராக இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வெட்டு. கையால் சுற்றிய க்யூபா நாட்டுச் சிகாரில் நடுவே புகையிலைக் கற்றை, அதை இறுக்கிப் பிடிக்க ஓர் இலை, வெளியே வழவழப்பான மேலிலை. வாயில் வைக்கிற பக்கம் மூடியிருக்கும். மேலிலையைப் போன்ற சிறு துண்டைத் தாவரப் பசை தடவி அங்கே ஒட்டிவிடுவார்கள். அதுதான் தொப்பி. மேலிலை பிரிந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. உற்றுப் பார்த்தால் தொப்பி முடிகிற இடம் மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே, நுனியில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மட்டும்தான் வெட்டுவார்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் மேலிலை பிரியத் தொடங்கும், புகையிலைத் தூள் நாக்கில் ஒட்டும். நம் திருச்சிச் சுருட்டுக்கு வழக்கமாக இரு முனையும் திறந்தே இருப்பதால் இந்த வேலையே இல்லை.

சிலர் தொப்பியைப் பல்லால் கடித்துத் துப்புகிறார்கள். முன்பல்லில் ஏற்கெனவே விரிசலோ அடைத்த சிமென்ட்டோ இருந்தால் அது பெயர்ந்து வரலாம். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கவ்விப் பிடிப்பவர்களுக்கு அந்தப் பற்கள் தேய்ந்து பள்ளம் விழுவதும் உண்டு.

சரி, சுத்தமாகவே வெட்டியாயிற்று. வாய் தப்பித்ததா? இல்லவே இல்லை. சிகார் புகையிலையை உலர்த்தி நொதிக்க வைக்கிறார்கள். அதன் புகையில் காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, அதிகம். அப்படிப்பட்ட புகையிலுள்ள நிக்கோட்டின் நுரையீரல்வரை போக வேண்டியதில்லை, வாயின் உட்சவ்வு வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். உள்ளே இழுக்காமலே பழக்கம் பிடித்துக்கொள்வது இதனால்தான். பதப்படுத்தும்போதே நைட்ரோசமைன் எனும் புற்றுநோய்க் காரணிகளும் உண்டாகின்றன. சிகரெட் ஒன்றில் ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் புகையிலை இருக்கும். பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவுக்கு இருக்கலாம். அது எரிந்து முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அத்தனை நேரமும் புகை சுழல்வது கன்னத்திலும் வாயின் மேற்கூரையான அண்ணத்திலும் நாக்கிலும்தான்.

சிறு கண்ணாடியை மேல்நோக்கித் திருப்பினால் அண்ணத்தில் அதன் தடம் தெரியும். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறித் தடித்து, காய்ந்து வெடித்த வயல் மாதிரி கோடு கோடாக இருக்கும். நடுநடுவே சிவப்புப் புள்ளிகள். அவை புகையால் அழற்சி கண்ட உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள். "வலிக்கவே இல்லையே டாக்டர்" என்பார்கள். வலிக்காது. இந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மாறிவிடும். எனக்கு இதைவிடப் பெரிய கவலை, நாக்கின் ஓரத்திலோ கன்னத்தின் உட்புறத்திலோ துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டும் சிவப்புத் திட்டும். அவை புற்றுநோயாக மாறக்கூடும். சிவப்புத் திட்டைக் கண்டால் நாள் கடத்தாமல் பயாப்சிக்கு, அதாவது சிறு துண்டு சதையை எடுத்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பிவிடுவேன்.

உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்டும் மருத்துவர்தான், சிகாரை விட முடியாதவர். 1923இல் அவருக்கு மேல்தாடையில் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. 1939இல் இறக்கும்வரை 30க்கும் மேற்பட்ட முறை கத்தி பட்டது. வெட்டியெடுத்த இடத்தில் பொருத்திய செயற்கை அண்ணத்தோடுதான் பேசவும் சாப்பிடவும் சிரமப்பட்டார். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கையைப் பெட்டிகளில் அச்சிட, அமெரிக்காவின் பெரிய சிகார் நிறுவனங்கள் 2000ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டன.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், விழுங்கும்போது உறுத்தல், வாய் திறப்பதில் சிரமம், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் காட்டுங்கள். வீட்டில் சுருட்டுப் பிடிக்கும் தாத்தா இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். பல்செட் போட்டிருந்தால் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் போதும். விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணில் பேசலாம்.