கருகியது எந்தப் பாத்தி?

கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் போடுகிறவர்கள் எல்லாப் பாத்தியிலும் ஒரே நாளில் விதைக்க மாட்டார்கள். மேலே ஒரு பாத்தி முளைவிட்டிருக்கும், நடுவில் தழை அடர்ந்திருக்கும், ஓடையோரத்தில் பிடுங்கிக் கழுவி மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். ஜனவரி உறைபனி முளைவிட்ட பாத்தியை மட்டும் கருக்கினால், அந்த வாரம் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரியில் ஒரு மூட்டைகூடக் குறையாது. அடி மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

ஆண் சுண்டெலியின் விரைக்குள்ளும் இதே விவசாயம்தான். உள்ளே சுருண்டு கிடக்கும் நுண்குழல்களின் சுவரை ஒட்டித் தாய்ச்செல்கள் இருக்கின்றன. அவை பிரியப் பிரிய நடுப்பக்கம் நகர்ந்து, கடைசியில் வால் முளைத்த விந்தணுவாகக் குழலுக்குள் உதிரும். இதற்கு ஏறத்தாழ 35 நாள். அப்புறம் எபிடிடிமிஸ் என்ற நீளக் குழாயில் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகத் தங்கி நீந்தப் பழகும். மனிதனுக்கு இந்த வேலை முடிய இரண்டரை மாதம் போல ஆகிறது.

ஆகவே ஒரு பூச்சிமருந்தோ மாத்திரையோ ஆண்மலட்டுத்தன்மை தருமா என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது நாள்கணக்கைத்தான். ஒரு வாரம் மருந்து கொடுத்து எட்டாம் நாள் விந்தணுக்களை எண்ணினால் எல்லாம் நலமாகவே தெரியலாம். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் புசல்ஃபான் தாய்ச்செல்களைத்தான் கொல்கிறது. முன்பே கிளம்பிவிட்ட செல்கள் பாட்டுக்கு முதிர்ந்து வந்துகொண்டிருக்கும். வாரங்கள் போன பிறகே வரத்து நின்று விரை சுருங்கும். அவசரப்பட்டு எண்ணினால் சுண்டெலிகள் செத்ததுதான் மிச்சம்.

எண்ணுவது எப்படி? எபிடிடிமிஸின் வால்பகுதியை எடுத்து, 37 டிகிரி உப்புக்கரைசலில் போட்டுக் கத்தரியால் நாலு வெட்டு. வெட்டிய இடத்திலிருந்து விந்தணுக்கள் புகை மாதிரி கிளம்பிப் பரவும். ரத்த அணுக்களை எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு எண்ண வேண்டும். சுண்டெலி விந்தணுவின் தலை அரிவாள் போல வளைந்திருக்கும். வளைவு மழுங்கியதையும் இரட்டை வால் உள்ளதையும் தனியாகக் குறிக்க வேண்டும். ஊட்டியில் ஒரு டிசம்பர் காலையில் இதைச் செய்தபோது பாதிக்கு மேல் அசையவே இல்லை. மருந்து வேலை செய்துவிட்டது என்று துள்ளினேன். மருந்து இல்லாமல் வெறும் எண்ணெய் கொடுத்த ஒப்பீட்டுச் சுண்டெலிகளுடையதும் அப்படியே கிடந்தன. குற்றவாளி குளிர்ந்த ஸ்லைடு. சூடுபடுத்தி வைத்ததும் அடுத்த சொட்டு கொதிக்கிற பால் மாதிரி புரண்டது.

எந்தப் பாத்தி கருகியது என்று கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு. ஒரே ஒரு முறை மருந்து கொடுத்த ஆணை, எட்டு வாரம், வாரம் ஒரு புதுப் பெண்ணோடு விடுவார்கள். பிறகு கருப்பையைத் திறந்து, வளரும் கருக்களையும் ஒட்டிய உடனே செத்துத் தழும்பானவற்றையும் எண்ணுவார்கள். முதல் வாரம் சேர்ந்த பெண்ணிடம் சாவு கூடினால் அடி விழுந்தது முதிர்ந்த விந்தணுவுக்கு. மூன்றாம் வாரத்துப் பெண்ணிடம் என்றால், மருந்து கொடுத்த அன்று அந்த விந்தணுக்கள் வால் முளைக்காத இளம் செல்கள்.

வெறும் குட்டிகளை எண்ணி நிறுத்திக்கொள்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. சுண்டெலியிடம் விந்தணு அவ்வளவு உபரி. எண்ணிக்கை வெகுவாக விழுந்தாலும் குட்டிகள் பிறக்கும். மனிதனிடம் அந்த உபரி இல்லை.

ஊட்டி உருளைக்கிழங்கில் பொன்னிற நூற்புழு இருப்பது தெரியவந்த 1961-ஆம் ஆண்டிலேயே, நூற்புழுக்களைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்து எலிகளின் விரையைச் சுருக்குவதாக அமெரிக்காவில் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதற்குப் பிறகும் மருந்து விற்றது. 1977-இல் கலிஃபோர்னியாவில் அதைத் தயாரித்த தொழிற்சாலையின் ஆட்கள், நமக்கு மட்டும் ஏன் பிள்ளை இல்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்ட பிறகுதான் சோதித்துப் பார்த்தார்கள். பலருக்கு விந்தணுவே இல்லை. மருந்தை விட்டு விலகியதும் சிலருக்குத் திரும்பியது. திரும்பாதவர்களும் இருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களின் விரையிலிருந்து துளி திசு எடுத்துப் பார்த்தபோது, பல நுண்குழல்களில் ஊட்டம் கொடுக்கும் செர்டோலி செல்கள் மட்டும் நின்றன; தாய்ச்செல்கள் இல்லை.