வெளியே வருமுன் எங்கே இருந்தது?

இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள் பெறாமகள். கிணற்றிலிருந்து வெப்பம் 'எமர்ஜ்' ஆகிறது என்று ஒரு வரி. பிழை என்றேன்.

"ஏன் சித்தப்பா? எமர்ஜ், எமனேட், அரைஸ் எல்லாத்துக்கும் அகராதியில வெளிவருதல் எண்டுதானே கிடக்கு?"

நல்ல கேள்வி. அகராதி கைவிடும் இடத்தில் சொல்லின் பிறப்பைப் பார்க்கலாம். எமர்ஜ் என்பதற்குள் 'மெர்கெரே' என்ற லத்தீன் வினை இருக்கிறது: முக்குதல், அமிழ்த்துதல். முன்னால் நிற்கும் 'எ' வெளியே என்பதைச் சொல்கிறது. திருகோணமலைக் கடலோரக் கோணேசர் கோயில் பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்தால் சில நாட்களில் ஆமை தெரியும். பச்சைத் தண்ணீருக்குள் முதலில் ஒரு நிழல், அப்புறம் தலை, பிறகு ஈரம் மினுங்கும் ஓடு. ஆமை முன்பே முழுசாக அங்கேதான் இருந்தது, நம் கண்ணுக்குத்தான் படவில்லை. அதுதான் எமர்ஜ். மறைந்திருந்த உண்மை வெளிப்படுவதற்கும் இதே சொல்.

எமனேட் வேறு. அதன் வேர் 'மானாரே', ஒழுகுதல். மல்லிகை இருந்த இடத்திலேயே இருக்கும், மணம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். வெப்பம், வெளிச்சம், வாசனை எல்லாம் இந்த வகை.

அரைஸ் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். முன்பு இல்லாத ஒன்று ஒரு காரணத்தால் உண்டாவதற்கு அது: சிக்கல், தேவை, சந்தேகம். 'இஷ்யூ' என்றும் ஒன்று உண்டு. வெளியே போதல் என்ற லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இந்தப் பொருளில் இன்று கொஞ்சம் ஏட்டு வாடை அடிக்கும்.

ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்தே அறியலாம் என்று 1957இல் மொழியியலாளர் ஃபிர்த் எழுதினார். தமிழில் நாம் இதை யோசிக்காமலே செய்கிறோம். பால் சுரக்கும், மணம் கமழும், புகை கிளம்பும், சூரியன் உதிக்கும். பால் உதிக்கிறது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. அந்தக் காதுதான் ஆங்கிலத்துக்கும் வேண்டும். அது வாசிக்க வாசிக்கத்தான் வரும்.

சரி, கன்னியாவுக்கு வருவோம். மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழ இறங்கி, சூடேறி, மேலே வருகிறது. அந்த நீருக்கு எமர்ஜ். நீரிலிருந்து வரும் வெப்பத்துக்கு எமனேட். எரிமலையே இல்லாத நாட்டில் வெந்நீர் எப்படி என்ற கேள்விக்கு அரைஸ். அவள் முதல் வரியை வெட்டிவிட்டு மூன்று வரிகளாக எழுதினாள்.