சீலியாக் உள்ளவருக்கு ஞானப்பல் பிடுங்கினால் உள்ளே என்ன நடக்கிறது?

ஞானப்பல்லை எடுத்தாக வேண்டும் என்று பல் டாக்டர் சொன்னதும் எனக்கு முதலில் வந்த பயம் வலியைப் பற்றியது இல்லை, மரத்துப்போக ஊசி போடுவார்களே, அதில் குளூட்டன் இருக்குமோ என்பதுதான். கோதுமை போன்ற தானியங்களில் உள்ள அந்தப் புரதம் உள்ளே போனால் சிறுகுடலைச் சேதமாக்கும் சீலியாக் நோயோடு வாழ்பவர்கள் பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும். இருக்காது, அந்த விஷயத்தில் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் நாம் கேட்க மறந்துவிடுகிற இரண்டு கேள்விகள் உண்டு: பல் பிடுங்கும் நாளில் நம் இரத்தம் சரியாக உறையுமா, பிடுங்கிய பிறகு ஒரு வாரம் தொண்டைக்குள் என்னென்ன இறங்கப் போகிறது.

முதலில் நோய் எங்கே நடக்கிறது என்று பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரிந்துவிடும். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் புரதத்தில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். புரோலின் மண்டிக்கிடக்கும் இடத்தை நம் செரிமான நொதிகளால் சரியாக வெட்ட முடியாது, அது யாருக்குமே முடியாது. அதனால் நீளமான துண்டுகள் மிஞ்சுகின்றன. 2002ல் அடையாளம் கண்ட ஒரு துண்டு 33 அமினோ அமில நீளம். இவை சிறுகுடல் சுவருக்குள் போகும்போது டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி குளூட்டமினைக் குளூட்டமேட்டாக மாற்றிவிடுகிறது. அப்படி மாறிய துண்டு, எச்எல்ஏ டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு செல்களில் கனகச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். டி செல்கள் அதை எதிரி என்று நினைத்துத் தாக்கத் தொடங்க, சத்துகளை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன.

இவ்வளவும் நடப்பது சிறுகுடலில். அதனால் எந்தப் பொருளைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும், இது வயிற்றுக்குள் போகுமா என்று கேட்டுப் பார்த்தால் பாதிப் பயம் தீர்ந்துவிடும்.

மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் ஒரு சின்ன மூலக்கூறு, புரதமே கிடையாது. நரம்பில் சோடியம் நுழையும் வாசலை அடைத்து வலிச் செய்தியை நிறுத்துவது மட்டும்தான் அதன் வேலை. தையல் நூல் பட்டாகவோ தானாகக் கரையும் செயற்கை இழையாகவோ இருக்கும். பல் எடுத்த குழியில் சில சமயம் வைக்கும் ஜெலட்டின் பஞ்சின் பெயர் காதில் குளூட்டன் போலவே விழுவதால் சிலர் பதறிவிடுகிறார்கள். ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருவது, கோதுமைக்கும் அதற்கும் உறவில்லை.

இனி இரத்தத்துக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பல் எடுத்த குழியில் இரத்தம் நிறைந்து, ஜெல்லி மாதிரி ஒரு கருஞ்சிவப்புக் கட்டியாக உறைகிறது. அந்தக் கட்டிதான் அடியிலுள்ள எலும்புக்கும் நரம்பு நுனிகளுக்கும் மூடி, புதிய திசு ஏறி வளரும் சாரமும் அதுவே. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் வாய்க்குள் காற்றழுத்தம் குறைந்து கட்டி பிய்ந்துவரலாம், புகைபிடித்தாலும் அது நிலைக்காமல் போகலாம். அப்படிப் போனால் இரண்டு மூன்று நாள் கழித்து, குறைய வேண்டிய வலி திடீரென்று காதுவரை ஏறும். அதற்குத்தான் ட்ரை சாக்கெட் என்று பெயர்.

இந்தக் கட்டி உருவாக, கல்லீரல் தயாரிக்கும் இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து என்ற எண்களால் அறியப்படும் உறைதல் காரணிகள் வேண்டும். அவை வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். அந்தக் காரணிகளில் உள்ள குளூட்டமேட்டில் கூடுதலாக ஒரு கார்பாக்சில் தொகுதியை ஒட்டவைக்க அது உதவுகிறது. அப்போதுதான் அவை கால்சியத்தைப் பற்றிக்கொண்டு, காயம்பட்ட இடத்தில் போய் ஒட்ட முடியும். வைட்டமின் கே போதாவிட்டால் காரணிகள் உருவாகும், ஆனால் ஒட்டாது. குடலில் நமக்கு இவ்வளவு தொல்லை தரும் அதே குளூட்டமேட் இங்கே உயிர்காக்கும் பிடிமானமாக இருப்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

வைட்டமின் கே கொழுப்பில் கரைவது, உறிஞ்சப்படுவது சிறுகுடலில். குடலுறிஞ்சிகள் தேய்ந்திருந்தால் அதன் வரவு குறையும். பல வருடமாகக் குளூட்டன் இல்லாமல் சாப்பிட்டு, குடல் ஆறியவர்களுக்கு இரத்தம் பொதுவாக மற்றவர்களைப் போலத்தான் உறையும். சமீபத்தில் நோய் தெரியவந்தவர்கள், உணவுக் கட்டுப்பாட்டைச் சரியாகப் பிடிக்க முடியாதவர்கள், வயிற்றுப்போக்கோடு எடை குறைந்துவருபவர்கள், காரணமில்லாமல் தோலில் கன்றிப்போகிறவர்கள், இவர்களெல்லாம் பல் பிடுங்கும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். புரோத்ராம்பின் நேரம் என்ற சாதாரண இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். குறை இருந்தால் வைட்டமின் கே கொடுத்துச் சரிசெய்யலாம். இரும்புச் சத்தும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான் ஏறுகிறது என்பதால், முழு மயக்கம் கொடுத்துப் பிடுங்குவதாக இருந்தால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்றும் பார்த்துவிடுவது நல்லது.

இனி மாத்திரைகள். மருந்தைவிட அதைக் கட்டிப்பிடித்து நிற்கும் நிரப்பியைத்தான் பார்க்க வேண்டும், பெரும்பாலும் அது சோள மாவுச்சத்து அல்லது உருளைக்கிழங்கு மாவுச்சத்து, அபூர்வமாகக் கோதுமை. அட்டையில் வெறுமனே ஸ்டார்ச் என்று போட்டிருந்தால் எதன் ஸ்டார்ச் என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். இதைப் பல் பிடுங்குவதற்கு இரண்டு நாள் முன்பே, மருந்துச் சீட்டை முன்கூட்டி வாங்கிக் கேட்டுவிடுங்கள். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, பாதி நாக்கு மரத்த நிலையில், பொடி எழுத்தில் இருக்கும் அட்டையை யாராலும் படிக்க முடியாது. பயந்துபோய் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிடுவது இதைவிடப் பெரிய ஆபத்து. இன்னொன்று, ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பை, சிறுகுடலின் உள்சுவரையும் புண்ணாக்கக் கூடியவை; ஏற்கெனவே குடல் புண்ணாகி இருப்பவருக்கு பாரசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை.

எனக்கு உண்மையில் சிக்கல் வந்தது சாப்பாட்டில். அன்று சாயங்காலம் அக்கா சூப் கொண்டுவந்தாள், வெதுவெதுப்பாக, நல்ல வாசனையோடு. ஸ்பூனைத் தூக்கிப் பார்த்தால் கெட்டியாக வழிந்தது. பேச முடியாததால் காகிதத்தில் "என்ன மாவு?" என்று எழுதிக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. மென்மையாக இருக்க வேண்டுமே என்ற ஒரே நினைப்பில் இரண்டு ஸ்பூன் கோதுமை மாவு கரைத்து ஊற்றியிருந்தாள்.

மெல்ல முடியாதவருக்குக் கொடுக்கும் உணவுகளில் இப்படி நிறைய ஒளிந்திருக்கும். கடையில் வாங்கும் சூப்பும் புட்டிங்கும் பல சமயம் மாவால் கெட்டியாக்கப்பட்டவை, மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி, ஓட்ஸில் வயலிலேயே கோதுமை கலந்திருக்கலாம். ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கும். தினமும் 50 மில்லிகிராம் என்று மூன்று மாதம் உள்ளே போனாலே குடலுறிஞ்சிகள் சேதமாகலாம் என்று 2007ல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது அந்த ரொட்டித் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு. மசித்த உருளைக்கிழங்கு, தயிர், முட்டை, வாழைப்பழம் எல்லாம் பயப்படாமல் சாப்பிடலாம். ஆனால் எதையாவது மிக்சியில் அரைப்பதாக இருந்தால், பிளேடுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள், பழைய மாவு காய்ந்து பிசினாக ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அப்புறம், மூன்றாம் நாள் வயிறு கலக்கினால் குளூட்டன் உள்ளே போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த ஆன்டிபயாடிக் யாருக்கும் பேதியைத் தரக்கூடியது, விழுங்கிய இரத்தமும் குமட்டலைக் கொண்டுவரும். என்னென்ன சாப்பிட்டோம், எந்த மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டோம் என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால் டாக்டரிடம் பேசும்போது ஊகத்துக்கு வேலையிருக்காது. அக்காவிடம் கேள்வி எழுதிக் காட்டிய அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில்தான் நானும் குறித்து வைத்தேன்.