தரையில் சொட்டு இல்லை, கூலன்ட் எங்கே போகிறது?

எங்கள் வீட்டு பெட்ரோல் காருக்கு 20 வயது தாண்டிவிட்டது. போன கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை லிட்டர் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) காணாமல் போக ஆரம்பித்தது. வண்டி நிற்கும் இடத்தில் தரை காய்ந்தே கிடந்தது. "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், இறக்கிப் பாத்துடலாம்" என்றார் மெக்கானிக். என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட். ஹெட்டை இறக்குவது பெரிய செலவு. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருந்தன.

கூலன்ட் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. அது குறைகிறதென்றால் எங்கோ ஒரு வழி திறக்கிறது. எப்போது திறக்கிறது, சூட்டிலா, ஆறும்போதா என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

ரேடியேட்டர் மூடியிலிருந்து தொடங்குங்கள். மலிவான பொருள் என்பதாலேயே யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. அதற்குள் ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கிறது. பல பழைய கார்களில் 0.9 பார் அழுத்தம் வரை திறக்காது. பிரஷர் குக்கரில் நடப்பதுதான் இங்கும்: அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் வால்வு முன்கூட்டியே திறந்து, கூலன்ட் பக்கத்திலுள்ள ரிசர்வாயர் டப்பாவில் நிரம்பி வழிந்து, ஓடும் சாலையோடு போய்விடும்.

மூடியின் நடுவில் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. என்ஜின் ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைய, அது திறந்து ரிசர்வாயரிலிருந்து கூலன்டைத் திரும்ப இழுக்கும். இடையிலுள்ள மெல்லிய ரப்பர் குழாயில் ஒரு கீறல் இருந்தால் போதும், கூலன்டுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். ரிசர்வாயரில் அளவு சரியாகத் தெரியும், ரேடியேட்டரோ காலியாகிக்கொண்டிருக்கும். அதனால் காலையில், என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்கள். சூட்டில் தயவுசெய்து தொடாதீர்கள். அழுத்தம் விட்ட நொடியில் கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

எங்கள் மூடி நன்றாகவே இருந்தது. அடுத்தது பிரஷர் டெஸ்டர்: ஒரு கைப்பம்பு, ஒரு மீட்டர். ரேடியேட்டர் வாயில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை காற்றடித்துவிட்டுக் காத்திருந்தோம். பத்து நிமிடத்தில் முள் மெல்ல இறங்கியது. டார்ச் அடித்துத் தேடினால், வாட்டர் பம்புக்கு அடியில், புல்லிக்குப் பின்னால், உப்புப் பூத்ததுபோலப் பச்சைப் படிவு. அதன் நுனியில் ஒரு சொட்டு. பம்பின் சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் புகாமல் வெளியேறட்டும் என்றே அங்கே ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். ஓடும்போது கசிந்ததெல்லாம் சுடும் உலோகத்தில் பட்டுக் காய்ந்திருக்கிறது. தரை நனையாத ரகசியம் அவ்வளவுதான்.

ஹீட்டர் உள்ள காரென்றால் டாஷ்போர்டுக்குக் கீழே கார்பெட்டையும் தொட்டுப் பாருங்கள்; இனிப்பு வாசனையும் கண்ணாடியில் பிசுபிசுப்பும் ஹீட்டரில் கூலன்ட் கசிவதன் அடையாளம். என்ஜின் பிளாக்கின் துளைகளை அடைத்திருக்கும் உலோக மூடிகள் (டம்மிகள்) துருப்பிடித்துக் கசிவதும் உண்டு. காரணம் தெரியும்வரை போர் தண்ணீரை ஊற்றி ஓட்டாதீர்கள். அதன் உப்பு ரேடியேட்டரின் குறுகிய குழாய்களை அடைத்து, இல்லாத நோயையும் கொண்டுவரும்.

முள் இறங்குகிறது, வெளியே எங்குமே ஈரமில்லை என்றால்தான் ஹெட் கேஸ்கெட்டுக்கு வர வேண்டும். பல என்ஜின்களில் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. 40 செ.மீ. நீள அலுமினியம் 80 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் நீளும். இரும்பு அதில் பாதிதான். ஒவ்வொரு ஓட்டத்திலும் இந்த இழுபறியை நடுவிலிருந்து தாங்குவது அந்த மெல்லிய கேஸ்கெட். ஒருமுறை ஓவர்ஹீட் ஆனால் ஹெட்டே வளைந்துவிடலாம்.

அதையும் கழற்றாமலே சோதிக்கலாம். என்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுக்கும் சின்னக் கருவி கிடைக்கிறது. சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுந்திருந்தால், அதிலுள்ள கார்பன் டைஆக்சைடு திரவத்தை மஞ்சளாக்கும். மஞ்சளானால் ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கியதும் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அதன் சமதளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ஹெட்டில் புதுக் கேஸ்கெட்டை மட்டும் போட்டு மூடினால், கூலன்ட் மறுபடி அதே வழியில் போகும்.